சராசரி விளைச்சல் பற்றிய கூற்றைச் சோதித்தறியும் முறை

பெரும்போக விதைப்புக் காலம் நெருங்கும்போது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் ஒரே விதமான பேச்சு எழுவதைக் கமக்காரர் அறிவர். "இந்த விதை ஏக்கருக்குச் சராசரி 100 புசல் தரும்" என்று விதைநெல் விற்போர் கூறுவர். "இப்பசளையை இட்டால் விளைச்சல் கூடும்" என்று பசளை விற்போர் கூறுவர். "இந்த வட்டையில் சராசரி இத்தனை புசல் விளையும்" என்று கூறியே காணியைக் குத்தகைக்குக் கொடுப்போரும் உளர். இக்கூற்றுக்களை ஏற்பதா, விடுப்பதா என்பதை வாய்ப்பேச்சைக் கொண்டு தீர்மானித்தல் தகாது. வயலில் அளந்து, கணக்கிட்டுத் தீர்மானிக்கும் முறை ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

இம்முறையால் ஆகும் நன்மை சிறிதன்று. ஐந்து ஏக்கர் செய்யும் ஒருவர் 100 புசலை நம்பிக் கடன்பட்டு விதைக்கிறார். விளைச்சலோ ஏக்கருக்கு எட்டுப் புசல் குறைகிறது என வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கருக்கும் 40 புசல், அதாவது ஏறக்குறைய 835 கிலோகிராம் நெல், இல்லாமற் போகின்றது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சோற்றுக்கு அது போதும். மறுபுறம், அயலவர் ஒருவரின் வயல் பொய்த்தமை கண்டு நல்ல விதையைக் கைவிடுவதும் நட்டமேயாகும். இவ்விரு நட்டங்களையும் குறைக்க வல்லது இச்சோதனை.

ஒரு வயல் சாட்சியாகாது

ஒரே விதையை, ஒரே கிழமையில் விதைத்த வயல்களும் ஒரே அளவு விளைவதில்லை. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கு நீர் முந்திக் கிடைக்கும். கடைக்கோடியில் உள்ள வயல் காத்திருக்கும். மேட்டு வயல் காயும். பள்ள வயலில் வெள்ளம் நிற்கும். கடலுக்கும் களப்புக்கும் அண்மையிலுள்ள சில வயல்களில் உவர் ஏறும். களை பிடுங்கிய நேரமும் பசளை இட்ட நேரமும் ஆளுக்காள் வேறுபடும். எனவே ஒருவர் 104 புசல் கண்டேன் என்பதும், மற்றொருவர் 81 புசலே கண்டேன் என்பதும் மெய்யாகவே இருக்கலாம். அவற்றுள் எதுவும் "சராசரி 100" என்னும் கூற்றை நிலைநாட்டாது, பொய்ப்பிக்கவும் மாட்டாது.

சராசரி என்பது வட்டையில் அவ்விதை விதைக்கப்பட்ட எல்லா வயல்களுக்கும் உரியது. எல்லா வயல்களையும் அளப்பது இயலாது. ஆதலின் சில வயல்களை மாதிரியாகத் தெரிந்து அளக்கிறோம். மாதிரியின் சராசரி 100க்குச் சற்றுக் குறையுமாயின் கேள்வி ஒன்று எழுகின்றது. அக்குறைவு நாம் தெரிந்த வயல்களின் தற்செயலால் வந்ததா? அன்றிக் கூற்றே பிழையானதா? இக்கேள்விக்கு விடை காணும் கணக்கிற்குக் கருதுகோட் சோதனை என்று பெயர்.

இம்முறை வந்த வழி

இக்கணக்குப் பயிர்ச்செய்கையோடு தொடர்புற்றே வளர்ந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் நிறுவனம் வாற்கோதுமையைப் பெருந்தொகையாக வாங்கிவந்தது. அங்கு 1899ஆம் ஆண்டு சேர்ந்த கொசெற் என்பவர், சில அளவைகளை மட்டும் வைத்துக்கொண்டு சராசரியைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என ஆராய்ந்தார். ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் இடந்தரவில்லை. ஆதலால் 1908இல் "மாணவர்" எனப் பொருள்படும் "ஸ்ரூடன்ற்" என்னும் புனைபெயரில் தம் முறையை வெளியிட்டார். கீழே காட்டப்படும் அட்டவணை அவர் முறையிலிருந்து வந்ததே.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் சேர்ந்த பிஷர், இக்கணக்கை வயற் பரிசோதனைகளுக்கு விரித்து 1925இல் நூலாக்கினார். அவருடன் அங்கு உருளைக்கிழங்குப் பரிசோதனைகளில் ஈடுபட்ட ஈடன் என்பவர் பின்னர் இலங்கைக்கு வந்து, தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்து, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளை நடத்தினார். நெல்லைப் பொறுத்தவரை, இந்தியாவின் பீகார், ஒரிசாப் பகுதிகளில் ஹபாக் என்பவர் 1920களில் வயல்களைத் தற்செயலாகத் தெரிந்து வெட்டி அளந்தார். இலங்கையில் இன்று தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நெல் விளைச்சலைக் கணிப்பதும் மாதிரி வயல்களில் வெட்டி அளக்கும் முறையினாலேயே.

முதலிற் கூற்றைத் தெளிவாக்குக

"இவ்விதை நூறு புசல் தரும்" என்பது சோதிக்கத்தக்க கூற்றன்று. எவ்விடத்தில், எப்போகத்தில், எந்நீரில் என்பன சொல்லப்படல் வேண்டும். "கரைவாகு வட்டையில், வாய்க்கால் நீர் பாயும் வயல்களில், இப்பெரும்போகத்தில், இவ்விதையின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 100 புசல்" என்று எழுதிக்கொள்ளுதல் வேண்டும். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் இக்கூற்றைச் சூனியக் கருதுகோள் என்பர். "சராசரி 100 அன்று" என்பது அதற்கு மாற்றுக் கருதுகோள்.

நீதிமன்றில் குற்றஞ் சாட்டப்பட்டவரைக் குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகக் கொள்வது போல, இங்கும் கூற்றை முதலில் மெய்யெனவே கொள்கிறோம். வயலில் அளந்தவை அதற்கு வலுவாக மாறுபடின் மட்டுமே அதனைத் தள்ளுகிறோம்.

வயல்களைத் தெரிதல்

சோதனை முழுவதும் இதன்மேல் நிற்கின்றது. வீதியோரத்து வயல், நண்பர் வயல், செழித்த வயல் என மனம்போனபடி தெரிந்தால் எக்கணக்கும் உண்மையைத் தராது. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

1. அவ்விதை விதைக்கப்பட்ட வயல்கள் அனைத்தையும் வட்டவிதானையின் உதவியுடன் பட்டியலிட்டு இலக்கமிடுக.

2. இலக்கங்களைத் துண்டுகளில் எழுதிப் பானையிலிட்டுக் குலுக்கி, வேண்டிய தொகையை எடுக்க. வந்த வயலை மாற்றலாகாது.

3. ஒரே வயலில் ஒன்பது இடங்களில் வெட்டுவது ஒன்பது வயல்களை அளந்ததாகாது. ஒரு வயலின் பல இடங்கள் ஒரே நீரையும் ஒரே கவனிப்பையும் பெற்றவை. ஒன்பது வெவ்வேறு வயல்களே வேண்டும்.

4. எத்தனை வயல்கள், எவ்வளவு மாறுபாடு கண்டால் கூற்றைத் தள்ளுவது என்பவற்றை அறுவடைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்க. எண்களைக் கண்ட பின் விதியை மாற்றுவது சோதனையைக் கெடுக்கும்.

அறக்கொட்டி தாக்கிய வயலொன்று குலுக்கலில் வருமாயின், அதனைப் பின்னர் நீக்கிவிடும் எண்ணம் எழக்கூடும். அவ்வாறு செய்யலாகாது. பூச்சிக்கு இடங்கொடுப்பதும் அவ்விதையின் இயல்பாக இருக்கலாமன்றோ?

வெட்டும் அளவும்

வயலில் அறுவடை இயந்திரம் இறங்குமுன் இவ்வேலை முடிதல் வேண்டும். வயலின் ஒரு மூலையிலிருந்து நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் எத்தனை அடி செல்வது என்பதையும் குலுக்கியே தீர்மானிக்க. அவ்விடத்தில் 33 அடி நீளமும் 16½ அடி அகலமுங் கொண்ட நீள்சதுரத்தைக் கயிறு கட்டிக் குறிக்க. அது ஏக்கரின் எண்பதில் ஒரு பங்காகும். கயிற்றினுள் வேர்கொண்ட பயிர்களை மட்டும் வெட்டி, தனியே சூடடித்து, தூற்றி நிறுக்க வேண்டும்.

சிறிய சட்டத்தை வைத்து வெட்டினால் வேலை எளிதே. ஆயினும் ஓரத்துப் பயிர்களை அறியாமலே உள்ளே சேர்த்துவிடுதல் மனித இயல்பு. சட்டம் சிறுக்கச் சிறுக்க இப்பிழை பெருகி, விளைச்சல் உள்ளதற்கு மேலாகத் தோன்றும். இந்தியப் புள்ளியியலாளர் சுகாத்மே 1940களில் நடத்திய பயிர்வெட்டு ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. ஆகவே பரந்த இடத்தையே வெட்டுக.

ஈரநெல்லின் நிறை ஏமாற்றும். எல்லா நிறைகளையும் 14 சதவீத ஈரப்பதனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நெல்லின் ஈரப்பதன் 20 சதவீதமும் நிறை 25.8 கிலோகிராமும் ஆயின், 25.8ஐ 80ஆற் பெருக்கி 86ஆற் பிரிக்க 24 கிலோகிராம் வரும். இங்கு 80 என்பது நூறிலிருந்து 20ஐக் கழித்தது. 86 என்பது நூறிலிருந்து 14ஐக் கழித்தது. இவ்விருபத்து நான்கை 80 மடங்காக்க ஏக்கருக்கு 1,920 கிலோகிராம். ஒரு புசல் நெல் 20.87 கிலோகிராம் எனக் கொள்ள, இது 92 புசலாகும்.

கணக்கிடும் விதம்

கீழ்வரும் எண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு அமைக்கப்பட்டவை. எந்த விதையின் உண்மையான விளைச்சலையும் குறிப்பன அல்ல. ஒன்பது வயல்களில் ஏக்கருக்குக் கிடைத்த புசல்கள் பின்வருமாறு என்க:

97, 82, 104, 91, 86, 101, 81, 94, 92.

முதற்படி: இவற்றின் கூட்டுத்தொகை 828. ஒன்பதாற் பிரிக்கச் சராசரி 92.

இரண்டாம் படி: ஒவ்வொரு வயலும் இச்சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றது எனக் காண்க. அவை முறையே 5, −10, 12, −1, −6, 9, −11, 2, 0. கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வராவிடின் கணக்கிற் பிழை உண்டு.

மூன்றாம் படி: இவ்விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டுக. 25, 100, 144, 1, 36, 81, 121, 4, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 512.

நான்காம் படி: இதனை வயல்களின் தொகையிலும் ஒன்று குறைந்த எண்ணாற் பிரிக்க. 512ஐ 8ஆற் பிரிக்க 64. இதன் வர்க்கமூலம் 8. இதுவே நியம விலகல். வயலுக்கு வயல் உள்ள ஏற்றத்தாழ்வின் அளவு இது.

ஐந்தாம் படி: நியம விலகலை வயல்தொகையின் வர்க்கமூலத்தாற் பிரிக்க. ஒன்பதின் வர்க்கமூலம் 3; எனவே 8ஐ 3ஆற் பிரிக்க 2.67. இது நியம வழு எனப்படும். தனி வயல் 8 புசல் அளவில் ஆடுமாயினும் ஒன்பது வயல்களின் சராசரி 2.67 புசல் அளவிலேயே ஆடும். ஒருவர் மிகை மற்றவர் குறையைச் சரிக்கட்டுவதே இதற்குக் காரணம்.

ஆறாம் படி: கூற்றுக்கும் கண்டதற்கும் உள்ள வேற்றுமையை நியம வழுவாற் பிரிக்க. 100க்கும் 92க்கும் வேற்றுமை 8. அதனை 2.67ஆற் பிரிக்க 3.0. இவ்விகிதமே தீர்ப்புக்கு உரியது.

தீர்ப்பு

கிடைத்த விகிதத்தைக் கீழுள்ள எல்லையோடு ஒப்பிடுக. எல்லையை மீறின் கூற்றைத் தள்ளுக, மீறாவிடின் தள்ளற்க.

வயல்கள் 4 ஆயின், எல்லை 3.18
வயல்கள் 5 ஆயின், எல்லை 2.78
வயல்கள் 7 ஆயின், எல்லை 2.45
வயல்கள் 9 ஆயின், எல்லை 2.31
வயல்கள் 10 ஆயின், எல்லை 2.26
வயல்கள் 16 ஆயின், எல்லை 2.13
வயல்கள் 25 ஆயின், எல்லை 2.06

நம் விகிதம் 3.0, ஒன்பது வயல்களுக்குரிய எல்லை 2.31. எல்லை மீறப்பட்டமையால் "சராசரி 100 புசல்" என்னும் கூற்று தள்ளப்படுகின்றது.

அப்படியாயின் உண்மையான சராசரி யாது? 2.31ஐ 2.67ஆற் பெருக்க ஏறக்குறைய 6. எனவே 92இலிருந்து மேலும் கீழும் 6 புசல், அதாவது 86 முதல் 98 வரையுள்ள எச்சராசரியும் நாம் அளந்தவற்றோடு பொருந்தும். ஒருவர் "சராசரி 95" என்று கூறியிருந்தால் இவ்வளவைகள் அவரை மறுத்திரா. கடன், குத்தகை ஆகியவற்றைத் தீர்மானிப்போர் இவ்வெல்லையின் கீழ்ப்பக்கமாகிய 86 புசலை வைத்துத் தம் செலவைக் கணக்கிடுதல் நன்று.

தீர்ப்பின் பொருள்

இவ்வெல்லைகள் நூறுக்கு ஐந்து என்னும் அளவில் அமைந்தவை. அதாவது, கூற்று முழு மெய்யாகவே இருந்து, நாம் இவ்வாறு ஒன்பது வயல்களை நூறு முறை தெரிந்து அளந்தால், ஏறக்குறைய ஐந்து முறை மட்டுமே விகிதம் 2.31ஐ மீறும். 3.0 வரை போவது நூறில் இரண்டு முறைக்கும் குறைவு. ஆதலின் "தற்செயல்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம்.

இதனைக் கூற்று மெய்யாவதற்கு நூறில் இரண்டு பங்கு வாய்ப்பே உண்டு எனப் பொருள்கொள்வது பிழை. கூற்று மெய்யெனக் கொண்டால் இத்தகைய அளவைகள் எவ்வளவு அரிது என்பதையே இக்கணக்குச் சொல்கின்றது.

இரு தவறுகள் நேரலாம். மெய்யான கூற்றைத் தள்ளிவிடுவது ஒன்று. நூறுக்கு ஐந்து என்னும் அளவு இதனைக் கட்டுப்படுத்துகின்றது. பிழையான கூற்றைத் தள்ளாது விடுவது மற்றொன்று. வயல்களைக் கூட்டினால் இது குறையும். நான்கு வயல்களை மட்டும் அளந்து, அதே 92 சராசரியும் அதே 8 நியம விலகலும் கிடைத்தன என்க. அப்போது நியம வழு 4, விகிதம் 2. நான்கு வயல்களுக்குரிய எல்லையோ 3.18. கூற்றைத் தள்ள இயலாது. அதனாற் கூற்று மெய்யென நிரூபிக்கப்பட்டதாகாது. சாட்சி போதவில்லை என்பதே பொருள். "திணைக்களத்து முறைப்படி சோதித்தும் தவறு காணவில்லை" என்று விற்பனையாளர் கூறுவாராயின், எத்தனை வயல்களிற் சோதித்தீர் எனக் கேட்டறிக.

ஓரிரு வயல்கள் முற்றாக அழிந்தும் ஏனையவை செழித்தும் இருப்பின், சில வயல்களை மட்டுங்கொண்ட இக்கணக்கை நம்பலாகாது. அப்போது வயல்களின் தொகையைக் கூட்டுதல் வேண்டும்.

பசளையைச் சோதிக்கும் வகை

புதிய பசளையொன்றால் விளைச்சல் கூடுமா என்பதை அறிய மேலும் எளிய வழி உண்டு. வயலை வரம்பிட்டு இரு பாதியாக்கி, எப்பாதிக்குப் புதிய பசளை என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க. மற்றப் பாதிக்கு வழக்கமான பசளையை இடுக. நீர், விதை, களைகட்டல் அனைத்தும் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒருவர் வயலின் இரு பாதிகளை ஒப்பிடுவதால், தலைப்பு வயல், கடை வயல் என்னும் வேற்றுமை கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

இங்குச் சோதிக்கப்படும் கூற்று "சராசரி வித்தியாசம் பூச்சியம்" என்பதாகும். ஐந்து கமக்காரரின் வயல்களில் புதிய பசளையால் ஏக்கருக்குக் கூடிய புசல்கள் 6, 2, 5, −1, 3 என்க. சராசரி 3. விலகல்களின் வர்க்கங்கள் 9, 1, 4, 16, 0; கூட்டுத்தொகை 30. நான்காற் பிரிக்க 7.5, வர்க்கமூலம் 2.74. ஐந்தின் வர்க்கமூலமாகிய 2.24ஆற் பிரிக்க நியம வழு 1.22. விகிதம் 3ஐ 1.22ஆற் பிரிக்க வரும் 2.45. ஐந்து வயல்களுக்குரிய எல்லையாகிய 2.78ஐ அது எட்டவில்லை. ஐவரில் நால்வர் விளைச்சல் கூடக் கண்டும் பசளையின் பயன் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் அதனைப் பயனற்றதெனத் தள்ளவும் வேண்டாம். அடுத்த போகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மீண்டும் சோதிப்பதே தகும்.

விகிதம் எல்லையை மீறினாலும் கேள்வி முடிவதில்லை. கூடிய நெல்லின் விலை, கூடிய பசளைச் செலவை ஈடுசெய்யுமா எனவும் பார்த்தல் வேண்டும். விளைச்சல் கூடுவது உறுதியாயிருந்தும் கைக்கு வரும் பணம் குறையக்கூடும்.

தோட்டக்காரருக்கு

கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை செய்வோர்க்கும் இம்முறை பொருந்தும். "செடிக்குச் சராசரி இத்தனை கிலோ" என்னும் கூற்றைச் சோதிக்கையில், செடிகளைக் குலுக்கித் தெரிந்து குச்சி நட்டு அடையாளமிடுக. ஒருநாட் பறிப்பை மட்டும் நிறுத்தலாகாது. முதற் பறிப்பிலிருந்து இறுதிப் பறிப்பு வரை அச்செடியின் காய்களைத் தனியே நிறுத்துக் கூட்டுக. கிணற்றடிச் செடிகள் மிக நீர் பெறுவன. வேலியோரச் செடிகளுள் சில நிழலிலும் சில கூடிய வெயிலிலும் நிற்பன. ஆதலின் பாத்திகள் எல்லாவற்றிலுமிருந்தும் செடிகள் தெரியப்படல் வேண்டும். ஒரு தோட்டத்தில் அறிந்த முடிவு அத்தோட்டத்திற்கே உரியது. ஊர் முழுவதற்கும் முடிவு சொல்லவேண்டின் பல தோட்டங்களில் அளத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

கூற்றை இடம், போகம், நீர் ஆகியவற்றோடு எழுதிக்கொள்க.

வயல்களைக் குலுக்கித் தெரிக, வந்ததை மாற்றற்க.

வெவ்வேறு வயல்களை, பரந்த அளவில், ஒரே ஈரப்பதனுக்கு மாற்றி அளக்க.

தள்ளும் எல்லையை அறுவடைக்கு முன்பே குறித்து வைக்க.

எல்லையை மீறாமை கூற்றை மெய்யாக்காது.

ஒரு வட்டையின் முடிவு மறு வட்டைக்கும், ஒரு போகத்தின் முடிவு மறு போகத்திற்கும் தானாகப் பொருந்தாது.

ஒன்பது வயல்களை அளப்பது ஒருவராற் செய்யக்கூடியதன்று. வட்டையிலுள்ள கமக்காரர் ஒன்றுசேர்ந்து, தத்தம் வயலில் ஒரு நீள்சதுரத்தை வெட்ட இடமளித்தால், இரண்டொரு நாளில் வேலை முடிந்துவிடும். குலுக்கல், ஈரப்பதன் அளத்தல், கணக்கு ஆகியவற்றில் ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே கண்டு ஆலோசனை பெறுக. இப்போகத்தில் அளந்து எழுதிவைத்த கணக்கு அடுத்த போகத்தில் விதை வாங்கும்போது கைகொடுக்கும்.